பின்பக்கம்

புதுப்பேட்டையில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததில்லை. கூவத்துக்குப் போகும் சந்தில் ஒரு கார்பைடு டிரம், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், அப்பா உட்காருவதற்கு எந்த அம்பாசடரிலிருந்தோ கழற்றிய பின்சீட்டு. அவ்வளவுதான் கடை. ஒழுகும் ரேடியேட்டர், ஓட்டை விழுந்த சைலன்சர், விரிசல் விட்ட மட்கார்டு என்று வரும். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டதும் பூண்டு அழுகின மாதிரி ஒரு வாடை கிளம்பும். அதே கல்லைத்தான் கொத்தவால் சாவடியில் மாங்காய்க் கூடைக்குள் வைத்துப் பழுக்க வைப்பார்கள். இன்றைக்கும் மாம்பழ சீசனில் தள்ளுவண்டிப் பக்கம் போனால் எனக்கு அப்பாவின் சட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

1983-ல் பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு அந்தப் பின்சீட்டின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தேன். அந்த வருஷம்தான் அவர் வந்தார். எதிர்க்கடையில் ஒரு மட்கார்டைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பி, வெயிலில் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மட்கார்டு வாங்க வருகிறவன் நட்டு போடும் ஓட்டையைத்தான் முதலில் பார்ப்பான். இவர் அதைப் பார்க்கவே இல்லை.

"இன்னா வண்டி சார்?" என்றார் அப்பா.

"வண்டி இல்லீங்க. இந்த வளைவு நல்லா இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். பொழுது போகாத ஆள் என்று அதற்கு அர்த்தம். ஆனால் மனிதர் எங்கள் கடைக்கே வந்து, செம்புத் தகடு ரெண்டை ஒட்ட வைக்க முடியுமா என்று கேட்டார். "செம்பு சூட்டைக் குடிச்சிடும் சார். இங்க நெருப்பு வெச்சா அந்தக் கோடிக்குப் போயிடும். பித்தளை ராடு வெச்சு வேணா பத்த வெக்கலாம்" என்று அப்பா சொன்னதை, கல்லூரியில் பாடம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். அப்புறம் தினக்கூலி பதினைந்து ரூபாய்க்கு என்னைக் கேட்டார். அப்பா உடனே சரி என்றார். கடையில் இருந்த ஒரு பின்சீட்டில் ரெண்டு பேர் உட்கார்ந்து பிழைக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வீட்டு அம்மா கேட்டுக்கொண்டது அது. நான் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டேன், இதிலும் அப்படியே இருக்கட்டும்.

அதுவரைக்கும் எனக்குச் சிலை என்றால் மெரினாவில் இருப்பதுதான். உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் அந்த நாலு பேரை நின்று பார்த்திருக்கிறேன். தசை முறுக்கேறி இருப்பது வரை தெரியும். அதைச் செய்த ராய் சௌத்ரி பெரியமேட்டு ஓவியக் கல்லூரிக்குப் பல வருஷம் முதல்வராக இருந்தவர். எங்கள் சந்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கல்லூரி. அங்கே படிக்கிற பையன்கள் புதுப்பேட்டைக்குப் பழைய இரும்பு பொறுக்க வருவதுண்டு. சாரும் அங்கே படித்தவர்தான், சிற்பி தனபாலின் மாணவர். ஆனால் அவர் ஷெட்டில் மனிதனும் இல்லை, தசையும் இல்லை. ஒரு தகடு மேலே போய் மடங்கும், இன்னொன்று அதைத் தொடாமல் தாண்டிப் போகும், நடுவில் பித்தளைக் கம்பிகள் மழைக் கோடு மாதிரி இறங்கும். முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"இது இன்னா சார்?"

"நிக்குது இல்ல?"

"நிக்குது."

"அதான்."

மகாபலிபுரம் சாலை அப்போது குறுகலாக, இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்போடு இருந்தது. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் மணலில் இறங்கி நடந்தால் சாரின் ஷெட். ஓலைக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் கடல் காற்று. அந்தக் காற்றுக்கு இரும்பு ஆகாது. கேட்டுக்குப் போட்ட கொக்கி ஒரு மழைக்காலத்தில் பொரிந்து உதிரும். செம்பு அப்படியில்லை. முதலில் தேன் நிறமாகி, கறுத்து, பிறகு வருஷக் கணக்கில் பச்சைக் களிம்பு ஏறும். வீட்டில் அம்மாக்கள் புளி போட்டுத் துலக்கித் தள்ளும் அதே களிம்பைக் காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வேலையைச் சொல்கிறேன். 20 கேஜ் செம்புத் தகட்டைக் கத்தரித்து, நெருப்பில் மங்கின சிவப்பு வரும் வரை காட்டி, தண்ணீரில் முக்க வேண்டும். எஃகை இப்படிச் செய்தால் முறுகிக்கொள்ளும், செம்பு குழைந்து கொடுக்கும். புளியங்கட்டையில் குடைந்த பள்ளத்தின் மேலோ மணல் மூட்டை மேலோ வைத்துப் பின்னாலிருந்து தட்டினால் முன்னால் புடைத்து வரும். தட்டத் தட்ட இறுகும், சுத்தியல் எம்பும். அப்போது மறுபடியும் நெருப்பு, மறுபடியும் தண்ணீர். ஒரு தகட்டுக்கு ஏழெட்டு தரம் இப்படி. கோயிலில் சுவாமிக்குக் கவசம் அடிக்கிறவர்கள் காலம் காலமாகச் செய்துவரும் வேலைதான் இது. அவர்களுக்கு அரக்கும் குங்கிலியமும் கலந்த படுகை உண்டு, எங்களுக்கு மணல் மூட்டை.

ஒட்டுவதுதான் என் பாடு. ஆக்சிஜன், அசிட்டிலீன் சேர்ந்த நெருப்பு மூவாயிரம் டிகிரிக்கு மேல். செம்பு உருகுவது 1,085 டிகிரியில். கணக்குக்கு எளிதாகத் தெரியும். ஆனால் அப்பா சொன்னது உண்மை, செம்பு சூட்டைக் குடித்துவிடும். இணைப்பில் நெருப்பைக் காட்டினால் அது தகடு முழுக்கப் பரவுமே ஒழிய அங்கே நிற்காது. சார் இன்னொரு டார்ச்சை வைத்துப் பின்னாலிருந்து சூடு காட்டுவார், நான் முன்னால் வெங்காரம் தொட்ட பித்தளை ராடை வைப்பேன். ஒரு நொடி தவறினால் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் கொதித்து வெள்ளைப் புகையாய்க் கிளம்பும். அதை மூச்சில் இழுத்துவிட்டால் சாயங்காலம் குளிரடித்துக் காய்ச்சல் வரும், காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். எங்கள் தொழிலில் இதற்குப் பால் குடிப்பார்கள். பாலால் ஆவது ஒன்றுமில்லை என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். நான் இன்னும் குடிக்கிறேன்.

சோழமண்டலத்துக்குச் சார் என்னை மூன்று நான்கு தரம் அழைத்துப் போயிருக்கிறார். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கித் தொடங்கிய ஊர் அது. பாட்டிக் துணி, கைவினைப் பொருள் என்று செய்து விற்ற காசு அதற்குள் இருக்கிறது. ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு ஒரு கைத்தொழிலும் மனசுக்கு ஓவியமும் என்று பிரித்துக்கொண்டவர்கள். அதற்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

அங்கேதான் ஜானகிராமின் செம்பு வேலையைப் பார்த்தேன். தட்டின தகடு, அதன் மேல் மெல்லிய பட்டைகளும் கம்பிகளும் நகை பூட்டின மாதிரி பற்றவைத்திருந்தன. முகம் என்று சொல்லலாம், முகம் இல்லை என்றும் சொல்லலாம். பணிக்கரின் மகன் நந்தகோபாலின் சிற்பங்களும் இருந்தன. லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டுப் பிறகு ஓவியக் கல்லூரிக்குப் போனவர் அவர். செம்பும் பித்தளையும், சில இடங்களில் வெள்ளிப் பூச்சும் எனாமல் நிறமுமாய், ஒரு மரமோ பறவையோ தேரோ என்று பிடிபடாமல் எழும்பி நின்றன. எல்லாரும் முன்னால் நின்று பார்த்தார்கள். நான் நேராகப் பின்னால் போனேன். வெல்டர் புத்தி. தையல்காரன் சட்டையைத் திருப்பித்தான் பார்ப்பான்.

சென்னைச் சிற்பிகளின் உலோக வேலை பெரும்பாலும் முன்முகம் கொண்டது. கோயில் மூர்த்தியைச் சுற்றி வந்து பார்க்கிறோமா? எதிரே நின்றுதானே. அதைப்போல ஒரு பக்கத்துக்கென்றே செய்தது. பின்பக்கம் குழிவாக, சுத்தியல் தழும்போடு, எந்தத் தகடு எந்தத் தகட்டைத் தாங்குகிறது என்று ஒளிக்காமல் இருக்கும். எனக்கு அங்கேதான் எல்லாம் புரிந்தது. சார் என்னைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாருக்கு வரும்படி பிள்ளையாரால் வந்தது. ஒன்றரை அடிச் செம்புப் பிள்ளையார், தும்பிக்கை மட்டும் ஒரே கோட்டில். மாதம் இரண்டு போகும். நிற்பதும் சாய்வதுமாக அவர் செய்த மற்றவை ஷெட்டிலேயே களிம்பு ஏறிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர்களும் அப்படியே: 'நிற்பது - 4', 'சாய்வது - 2'. வாங்க வந்த ஒருவர், "முகம் எங்கே சார்?" என்று கேட்டார். "லிங்கத்தைப் பாத்து இதைக் கேப்பீங்களா?" என்றார் சார். வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், பிள்ளையாரும் வாங்கவில்லை. அந்த மாதம் எனக்குச் சம்பளம் பாதிதான். சைவத்தில் லிங்கத்தை அருவுருவம் என்பார்கள் என்று பின்னால் படித்தேன். அருவம் என்று யார் எழுதினாலும் அன்றைக்குக் கைவிட்டுப் போன பதினைந்து நாள் கூலி எனக்கு ஞாபகம் வரும்.

1985-ல் பெரிய வேலை ஒன்று வந்தது. நகரத்தில் ஒரு கம்பெனி புதுக் கட்டடம் கட்டியிருந்தது, அதன் வரவேற்புக் கூடத்தில் நிறுத்த ஒன்பது அடியில் ஒரு சிற்பம். நாலு மாதம் பிடித்தது. முன்பக்கம் முடிந்ததும், ஒரு கண்காட்சிக்காகச் சார் ஒரு வாரம் டெல்லிக்குப் போனார். எனக்கு ஒரு ஆசை. முன்பக்கத்தில் இணைப்புகளில் பித்தளை மேடு மேடாக, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி தெரிந்தது. எங்கள் கடையில் அப்படி விட்டால் அப்பா காதைத் திருகுவார். நல்ல வெல்டிங் என்றால் எங்கே ஒட்டினது என்றே தெரியக் கூடாது. கிரைண்டர் போட்டு, அரம் போட்டு, எமரி தாளால் தேய்த்து, மூன்று நாளில் அத்தனை தடத்தையும் வழித்துவிட்டேன். தகடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பெருமையாகக் காத்திருந்தேன்.

சார் வந்தார், பையைக் கீழே வைக்கவில்லை. தோளில் பையோடு நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு சாக்பீஸ் எடுத்து, நான் வழித்த ஒவ்வொரு இடத்திலும் கோடு போட ஆரம்பித்தார். நாலு மாதம் ஆகியும் ஒரு வரி விடாமல் அவருக்கு ஞாபகம் இருந்தது. முடித்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் நான் வரைஞ்சதுடா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே புதுப்பேட்டைக்குத் திரும்பியிருப்பேன்.

மறுநாள் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்க நூலகத்தில் எடுத்தது. டேவிட் ஸ்மித் என்பவரின் சிற்பப் படங்கள். எனக்கு ஆங்கிலம் ஓடாது, சார்தான் சொல்லிக்கொண்டு வந்தார். 1925-ல் ஸ்டூட்பேக்கர் கார் கம்பெனியில் ரிவெட் அடித்தவர். புரூக்ளின் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ் என்ற பட்டறையில் ஓர் ஓரம் கேட்டு வாங்கி, அங்கே சிற்பம் செய்தவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ரயில் எஞ்சினும் டாங்கியும் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். அவருக்கு இந்த வழியைக் காட்டியது ஸ்பெயின்காரர் ஹூலியோ கொன்சாலஸின் வேலைகள். அந்தக் கொன்சாலஸ் பற்றவைக்கக் கற்றதோ பிரான்சில் ரெனோ கார் தொழிற்சாலையில், 1918-ல். பிக்காசோவின் இரும்புச் சிற்பங்களுக்கு நெருப்பு பிடித்ததும் அவர் கைதான். எனக்குத் தலைக்குள் என்னவோ செய்தது. சிற்பி என்றால் வேறு ஜாதி என்று நினைத்திருந்தேன். எல்லாரும் கார் கம்பெனிக்காரர்களாக அல்லவா இருக்கிறார்கள்!

1962-ல் இத்தாலிக்கு ஸ்மித்தை அழைத்தார்கள், ஒன்றிரண்டு சிற்பம் செய்து தரச் சொல்லி. வோல்ட்ரி என்ற ஊரில் மூடிக் கிடந்த இரும்பு ஆலை ஒன்றைக் கொடுத்தார்கள். அங்கே கிடந்த சக்கரம், இடுக்கி, தகடு எல்லாவற்றையும் எடுத்து, கூட ஆட்களை வைத்துக்கொண்டு, 30 நாளில் 27 சிற்பம் செய்துவிட்டார். அதைச் சொல்லும்போது சாரின் முகத்தில் ஒரு பசி தெரிந்தது. மூன்று வருஷம் கழித்து, 1965-ல், தன் டிரக் கவிழ்ந்து இறந்துபோனார் ஸ்மித். மலைப் பக்கம் போல்டன் லேண்டிங் என்ற இடத்தில் அவர் வீட்டைச் சுற்றின வயல்களில் நட்டு வைத்தாற்போல் சிற்பங்கள் நிற்கும் படம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. பனி மூடின தரை. விளைந்தும் யாரும் அறுக்க வராத பயிர் மாதிரி.

கடைசிப் பக்கங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிச் செய்தவை. கியூபி என்று பெயர், மொத்தம் 28. அவற்றின் மேல் முழுக்கக் கிரைண்டர் சுழித்த தடம். எனக்கு உயிர் வந்தது.

"சார், இவரு கிரைண்டர் போட்டிருக்காரே!"

சார் சிரித்துவிட்டார். "போட்டிருக்கான். வெயில் பட்டா மின்னணும்னு போட்டிருக்கான். நீ எதுக்குப் போட்டே?"

பதில் இல்லை. ஒட்டினது தெரியக் கூடாது என்றுதான் போட்டேன்.

ஒன்பது அடிக்காரனை மறுபடி படுக்க வைத்து, சாக்பீஸ் கோட்டின் மேலேயே பித்தளை இழுத்தேன். ஒரு மாதம். தேய்த்த இடத்தில் தகடு மெலிந்திருந்ததால் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்தது. சார் அவற்றை மூட வேண்டாம் என்றார், விளிம்பை மட்டும் கனமாக்கினார். அந்த இரண்டு ஓட்டையும் முதலிலிருந்தே நினைத்து வைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டன. என் தப்பு அங்கே என்னவாக மாறியது என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "பின்னாடி எலும்பு கட்டணும், அதை நீயே பாத்துக்க" என்றார். ஒன்பது அடித் தகடு தானாக நிற்காது. பின்னால் சட்டம் வேண்டும். இரும்பு ஆங்கிள் மலிவு. ஆனால் செம்பும் இரும்பும் ஈரக் காற்றில் ஒட்டி நின்றால் இரும்பை அது தின்றுவிடும். இதை எனக்குச் சொன்னது அப்பா. அவருக்கு வேதியியல் தெரியாது, ரேடியேட்டர் தெரியும். ஆகவே பித்தளைச் சதுரக் கம்பி. எங்கே குறுக்கே போவது, எங்கே சாய்த்து முட்டுக் கொடுப்பது என்று சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் நான் மட்டும் பின்னால் இருந்தேன். பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கே கம்பி. கடைசியில் தள்ளி நின்று பார்த்தபோது அது ஒரு படகைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது. யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் எந்தத் தடத்தையும் தேய்க்கவில்லை.

1988-ல் எனக்குக் கல்யாணம். பதினைந்து ரூபாய் இருபத்தைந்தாகியிருந்தது, அதில் குடும்பம் நடத்த முடியாது. அம்பத்தூரில் கேட், கிரில் போடும் பட்டறைக்குப் போனேன். பிறகு சொந்தப் பட்டறை, பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி. சாரை வருஷத்துக்கு ஒரு தரம் பார்ப்பேன். சுத்தியல் சத்தத்தில் காது போய்விட்டது. பேசினால் உதட்டைப் பார்ப்பார். 1995-ல் ஜானகிராம் இறந்த செய்தியை நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

2004-ல் சார் போனார். பதினாறாம் நாள் முடிந்து அவர் வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு கணக்கு நோட்டில், 'தம்பிக்குப் பாக்கி 340' என்று சார் எழுதி வைத்திருந்தாராம். அந்தப் பாதிச் சம்பளமும் அதுபோல அங்கங்கே விட்டுப்போனதும் சேர்ந்து வந்த தொகை. அம்மா எண்ணி நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு வாங்கிக்கொண்டேன். கூலிதானே, அதை மறுப்பதற்கு நான் யார்?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு கம்பெனியில் படிக்கட்டுக் கைப்பிடி மாற்ற வேண்டும், அளவெடுக்க வரச் சொன்னார்கள். வாசலில் இறங்கின பிறகுதான் இடம் பிடிபட்டது. வரவேற்புக் கூடத்தைப் புதுப்பித்துத் தாழ்வாகப் பொய்க்கூரை போட்டிருந்தார்கள். எட்டடி கூட இருக்காது. ஒன்பது அடிக்காரன் அங்கே இல்லை. யாரைக் கேட்பது? அளவெடுக்கிற சாக்கில் கட்டடத்தைச் சுற்றி வந்தேன். பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டின தாழ்வாரத்தில், சுவரைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பச்சை ஏறியிருந்தது. முன்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

வெளியே தெரிந்தது அந்தக் கவிழ்த்துப் போட்ட படகு. அதன் குறுக்குக் கம்பிகளில் ஒரு மழைக் கோட்டு, ஒரு டிபன் பை, ஒரு குடை.

காவலாளி எழுந்து வந்தார். நான் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதைப் பார்த்து, "நல்ல ஸ்டாண்டு சார் அது. அசையவே அசையாது" என்றார்.

ஒரே ஒரு இணைப்பில் மட்டும் மயிரிழை விரிசல். கீழே, இடது பக்கம். அன்றைக்கு அவசரத்தில் வைத்தது, எது என்றுகூட எனக்குத் தெரியும். சுவர்ப் பக்கம் கையை நுழைத்தேன். முழங்கை வரைதான் போனது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரலுக்கு அந்தப் பித்தளை வரி தட்டுப்பட்டது, சொரசொரப்பாக, மேலே ஏறி, ஓர் ஓட்டையின் கனத்த விளிம்பைச் சுற்றிக்கொண்டு போனது. அதற்கு மேல் எட்டவில்லை.

"என்ன சார், ஏதாவது விழுந்துடுச்சா உள்ள?"

"இல்லப்பா" என்று கையை எடுத்தேன். முழங்கையில் களிம்பு ஒட்டியிருந்தது. டேப்பின் ஒரு முனையை அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பின்படிக்கட்டை அளந்தோம். நாற்பத்திரண்டு அடி வந்தது.